தூணில் காய்ந்த சுண்ணாம்பு

ஜனவரி 8

நான் அறிவியல் டீச்சராக இருந்தபோது எட்டாம் வகுப்பில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள். பெயர் மறந்துவிட்டது, இரட்டைச் சடையும் முன்பல் ஓட்டையும் மறக்கவில்லை. "மிஸ், ஹார்மோன் ரத்தத்துல உடம்பு பூரா போகுதுன்னா, எல்லா இடமும் ஏன் அது பேச்சைக் கேக்கல?"

கேட்கிற காது உள்ள இடம் மட்டும் கேட்கும் என்றேன். அந்தக் காதுக்குப் பெயர் ஏற்பி என்று பலகையில் எழுதினேன். அவள் உட்காரவில்லை. "ஒரே காதுல விழுந்த சேதிக்கு ரெண்டு வேலை நடந்தா? ஒண்ணு நல்லது, ஒண்ணு கெட்டதுன்னா, நல்லதை மட்டும் நடக்க வைக்க முடியுமா மிஸ்?"

மணி அடித்துவிட்டது. மறுநாள் சொல்கிறேன் என்றேன். மறுநாள் ஒளிச்சேர்க்கைக்குப் போய்விட்டோம்.

இன்று ஆஸ்பத்திரியில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. போன மாதம் குடத்தைத் தூக்கும்போது முதுகில் ஏதோ நொறுங்கிய சத்தம் கேட்டதே, அதற்காகப் போயிருந்தேன். விழவில்லை, வழுக்கவில்லை, வெறும் குடம். படத்தில் பார்த்தால் முதுகெலும்பில் ஒரு கட்டை அப்பளம் மாதிரி நொறுங்கியிருக்கிறது. எலும்பு முழுக்கவே பஞ்சாகிவிட்டதாம்.

டாக்டர் ரஹ்மத் நிஷா என் மகனைவிடச் சின்னவர். ஒரு புது மருந்தைச் சோதிக்க ஆள் சேர்க்கிறார். "கழுத்துல பயறு மாதிரி சின்னச் சின்னச் சுரப்பி இருக்கு டீச்சர். அது விடுற ஹார்மோன் எலும்புச் செல்லுல இருக்கிற ஏற்பியைத் தட்டும். தட்டினா ரெண்டு ஆள் எந்திரிச்சு வருவாங்க. ஒருத்தர் கொத்தனார், எலும்பைக் கட்டுவார். இன்னொருத்தர் எலும்புல இருக்கிற கால்சியத்தை அள்ளி ரத்தத்துல கொட்டுவார். இப்ப இருக்கிற ஊசி ரெண்டு பேரையும் எழுப்பிடுது. எங்களோடது கொத்தனாரை மட்டும் எழுப்பணும்."

"ஒரே கதவைத் தட்டி ஒருத்தரை மட்டும் எப்படிங்க எழுப்புறது?"

"தட்டுற விதத்துலதான்."

செல்லுக்குள் இரண்டு விளக்கு வைத்தார்களாம். கொத்தனார் பாதை திறந்தால் பச்சை, மற்றது திறந்தால் மஞ்சள். ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்து, பச்சை மட்டும் எரிகிறதா என்று இருட்டறையில் காத்திருந்தாராம். எனக்கு எங்கள் பள்ளிக்கூட மணி ஞாபகம் வந்தது. தண்டவாளத் துண்டு ஒன்று, அடிக்கிற கம்பி ஒன்று. விட்டு விட்டு அடித்தால் அடுத்த பாடவேளை. விடாமல் அடித்தால் வீட்டுக்கு ஓட்டம். இரும்பு அதேதான். அடிக்கிற கைதான் யார் எங்கே ஓடுவது என்று முடிவு செய்கிறது.

எதிரில் ஆள் இல்லாமல் எனக்கு விளக்க வராது. இந்த டைரியில் நான் "நீங்கள்" என்று யாரையாவது கூப்பிட்டால் பழக்கதோஷம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 9

ஓசூரிலிருந்து குமணன் போனில். என் ஒரே மகன்.

"உங்க உடம்புல சோதனை பண்றாங்களா? எலியாம்மா நீங்க?"

"எலிக்குப் பண்ணி முடிச்சாச்சாம். இப்ப என் முறை."

"பேசாம இங்க வந்துருங்க. மாடிப்படி இல்ல, லிஃப்ட் இருக்கு. வேலைக்கு ஆள் இருக்கு."

மாடிப்படிதான் அவனுக்கு உறுத்துகிறது. இந்த விளாங்குடி மாடி வீட்டில் நானே சமைத்து, நானே பூட்டி, நானே திறக்கிறேன். ஓசூரில் எனக்கு ஒரு நாற்காலி இருக்கும். அதில் உட்கார வைத்து, எழுந்தால் "எங்கம்மா போறீங்க?" என்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். அதுதான் பயம்.

கடைசியில் ஒப்பந்தம். "மருந்து பலிக்கலைன்னா வந்துரணும். வாக்குக் குடுங்க."

"பலிக்கலைன்னா வர்றேன்" என்றேன்.

ஜனவரி 22

கையெழுத்துப் போட்டாயிற்று. பாதிப் பேருக்குப் பழைய ஊசி, பாதிப் பேருக்குப் புதிது. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தினமும் காலையில் வயிற்றில் நானே குத்திக்கொள்ள வேண்டும். பேனா மாதிரி இருக்கிறது. சிவப்பு மை இல்லை, அவ்வளவுதான்.

நிறையக் கேள்வி கேட்டார்கள். கால்சியம் மாத்திரை? இல்லை, இனி தினமும் அவர்களே தருவார்களாம். பால்? காபிக்கு மட்டும். நெஞ்செரிச்சல் மருந்து? இல்லை. புகையிலை? சீ, வாழ்நாளில் தொட்டதில்லை.

மேல் தட்டிலிருந்த ஊறுகாய் ஜாடிகளைக் கீழே இறக்கி வைத்தேன். சும்மாதான், எடுக்க வசதி.

பிப்ரவரி 19

மாதம் ஒருநாள் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும். காலையில் ஊசி, பிறகு சாயங்காலம்வரை அவ்வப்போது ரத்தம் எடுக்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறினால் அந்த இரண்டாவது ஆளும் எழுந்துவிட்டான் என்று அர்த்தம். ஏறாவிட்டால் கொத்தனார் மட்டும் வேலை பார்க்கிறார்.

கூடத்தில் இருபது பெண்கள். எல்லாருக்கும் கூன், எல்லாருக்கும் வாய். பக்கத்து நாற்காலியில் உசிலம்பட்டி ஒச்சம்மாள். இட்லிக்கடை வைத்திருந்தவர். இடுப்பு எலும்பு உடைந்து கம்பி வைத்திருக்கிறார்கள்.

"டீச்சரம்மா, ஒங்களுக்கு எத்தன எடத்துல ஒடஞ்சிருக்கு?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா? அப்ப ஒன்னாங்கிளாசு. நானெல்லாம் மூணு."

மதியம் சாம்பார் சாதமும் தயிரும் கொடுத்தார்கள். சாப்பிட்டதும் ஒச்சம்மாள் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். கூடம் முழுக்கக் கைகள் நீண்டன. ஒரு கல்யாண வீடு மாதிரி இருந்தது. சாயங்காலம் கூட்டுகிற அம்மா தூணைக் காட்டிக் கத்தினார்: "படிச்ச பொம்பளைகளும் வர்றீங்க, படிக்காத பொம்பளைகளும் வர்றீங்க, சுண்ணாம்பு வெரலை மட்டும் எல்லாரும் இந்தத் தூணுலதான் தொடைக்கிறீங்க!"

நான் தூணில் துடைப்பதில்லை. கைக்குட்டை வைத்திருக்கிறேன்.

மார்ச் 19

ரத்தம் கொடுத்தேன். ஊசி போட்ட இடம் அரிக்கிறது. தூணில் "சுண்ணாம்பு தடவாதீர்கள்" என்று தாள் ஒட்டியிருக்கிறார்கள். தாளின் மேலேயே ஒரு விரல்.

மார்ச் 27

அரைக் குடம் தூக்கினேன். ஒன்றும் நொறுங்கவில்லை. இன்னொரு அரைக் குடமும் தூக்கினேன். குமணனிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 23

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பேருந்து ஊரையே சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, ஊசியை எல்லாருக்கும் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றார்கள்.

கூடத்தில் பாதிப் பேருக்குமேல் ரத்தத்தில் கால்சியம் அளவுக்கு மீறி இருக்கிறதாம். ஒச்சம்மாளுக்கு, எனக்கு, இன்னும் பலருக்கு. நாட்டில் வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் இப்படி இல்லையாம். மருந்துக் கம்பெனியிலிருந்து ஸ்ரீதர் ராவ் என்று ஒருவர் ஹைதராபாத்திலிருந்து வந்திருந்தார். நல்ல சட்டை, நல்ல தமிழ். அறைக்கதவு சரியாக மூடவில்லை. நான் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லமாட்டேன். காது அந்தப் பக்கம்தான் இருந்தது.

"ரெண்டு குழுவுலயும் ஏறியிருக்கா இல்லையான்னு நமக்குத் தெரியாது மேடம். ஆனா இத்தனை பேருக்கு ஏறினா, புது மருந்துக்காரங்களும் அதுல இருக்கணும். அப்ப மஞ்சள் விளக்கும் எரியுதுன்னுதானே அர்த்தம்?"

"ஏழு வருஷம் நான் பார்த்தேன் சார். பச்சை மட்டும்தான்."

"அது கண்ணாடித் தட்டுல. இது மதுரையில."

அடுத்த மாதம் இங்கே சோதனையை மூடிவிடுவார்களாம். எல்லா இடத்திலும் நிறுத்தலாமா என்றும் யோசிக்கிறார்களாம். வெளியே வந்த டாக்டர் முகத்தைப் பார்த்தேன். விடைத்தாளில் முட்டை வாங்கிய பிள்ளை மாதிரி, ஆனால் சரியாக எழுதியிருந்த பிள்ளை.

"வீட்டுக்குப் போங்க டீச்சர், வெயிலா இருக்கு" என்றார்.

ஏப்ரல் 24

குமணனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கீழ்வீட்டு உரிமையாளரிடம் ஜூனில் காலி செய்வோம் என்று சொல்லிவிட்டானாம். என்னிடம் சொல்லுமுன் அவரிடம்.

சமைக்கவில்லை. காபி. பிறகு வழக்கமான ஒன்று. பிறகு இன்னொன்று. கோபம் வந்தால் எனக்குக் கை தானாகப் பெட்டிக்குப் போகும்.

மே 6

மீதி ஊசிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கூடத்தில் யாருமில்லை. மின்விசிறிகூட ஓடவில்லை. தூணுக்கு நேரே உட்கார்ந்தேன்.

பச்சைத் தூண். இடுப்பு உயரத்தில் சுற்றிலும் வெள்ளை விரல்கள். காய்ந்து, ஒன்றின்மேல் ஒன்றாக. நகத்தால் சுரண்டினேன். பொடி உதிர்ந்தது.

வருடந்தோறும் ஏழாம் வகுப்புக்கு ஒரு சோதனை செய்து காட்டுவேன். தெளிந்த சுண்ணாம்பு நீரை ஒரு தம்ளரில் எடுத்து, குழல் வைத்து ஊதுவேன். பால் மாதிரி கலங்கும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். பலகையில் எழுதுவேன்: சுண்ணாம்பு நீர், கால்சியம் ஹைட்ராக்சைடு.

கால்சியம்.

மருந்துக்காக ஊர் ஊராக ஆயிரம் கேள்வி கேட்டார்கள். பால் கேட்டார்கள், மாத்திரை கேட்டார்கள், புகையிலை கேட்டார்கள். புகையிலை இல்லை என்று இருபது பேரும் உண்மையைத்தான் சொன்னோம். வெற்றிலையை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதை யார் உணவு என்று சொல்வார்? அது சாப்பிட்டதற்கு அப்புறம் போடுவது. ஒரு நாளைக்கு எட்டு, பத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் சுண்ணாம்பு. அதற்குமேல் ஆஸ்பத்திரியே கொடுத்த கால்சியம் மாத்திரை வேறு.

ஊதிக் காட்டியவள் நான். என் கைப்பையிலும் பெட்டி இருக்கிறது.

ஊசிகளைத் திருப்பிக் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

மே 7

ஒச்சம்மாளுக்குப் போன் போட்டேன்.

"எதுக்குத்தா வாயக் குடுக்குற? வெத்தலை போடுறோம்னு சொன்னா, ஏன் முன்னாடியே சொல்லலைன்னு மொத்தமா வெரட்டி விட்ருவாய்ங்க."

"சொல்லலைன்னாலும் மூடத்தான் போறாங்க ஒச்சம்மா."

"அப்ப மூடட்டும். எம் புருசன் போனப்பகூட நான் வெத்தலைய விடல. ஊசிக்காரன் சொல்லியா விடப் போறேன்?"

"உங்க இடுப்பு?"

"இப்பத்தேன் கம்பு இல்லாம வாசல் வரைக்கும் போறேன்" என்றார். குரல் வேறாக இருந்தது. "என்னைக்குப் போகணும்?"

மே 11

ராவ் வந்திருந்தார். மூடுகிற வேலைக்கு. எங்களை யாரும் கூப்பிடவில்லை. கதவைத் தட்டிவிட்டு, பதில் வருமுன் உள்ளே போனோம்.

"நோயாளிங்க இப்ப வரக்கூடாதும்மா" என்றார்.

"நான் டீச்சர். கதவைத் தட்டினாப் போதும், வரலாம்" என்றேன்.

ஒச்சம்மாள் சுண்ணாம்பு டப்பாவை அவர் மேசையில் டொக்கென்று வைத்தார். பித்தளை டப்பா, பிதுங்கி வழிந்து மூடியெல்லாம் வெள்ளை. "இந்தாய்யா, நீ தேடுன கால்சியம்."

டாக்டர் ரஹ்மத் நிஷா டப்பாவைப் பார்த்தார். பிறகு கதவிடுக்கு வழியாகத் தூணைப் பார்த்தார். பிறகு நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "படிச்சிருக்கேன் டீச்சர். வெத்தலைச் சுண்ணாம்பால ஏறும்னு படிச்சே இருக்கேன். எங்க வீட்லயே அம்மாவைப் பெத்த நன்னிம்மா போடுவாங்க. கேக்கணும்னு தோணலையே எனக்கு." நிமிர்ந்து, "நீங்க போடமாட்டீங்கல்ல?" என்றார்.

கைப்பையைத் திறந்தேன். என்னுடையது பிளாஸ்டிக் டப்பா. ஒச்சம்மாளுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

"நீங்களுமா!"

"ரிட்டயர் ஆன பிறகு" என்றேன். அது முழுக்க உண்மையில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ராவ் நல்ல மனிதர், ஆனால் கையில் திட்டம் வைத்திருக்கிற மனிதர். "நோயாளிங்க சொல்றதை வெச்சு நாங்க முடிவெடுக்க முடியாது."

"சொல்றதை வெச்சு எடுக்காதீங்க. ரத்தத்தை வெச்சு எடுங்க. இன்னைக்கே நிறுத்துறோம். ஒரு மாசம் விட்டு அதே ஊசியைப் போட்டு அதே மாதிரி ரத்தம் எடுங்க. இறங்கலைன்னா நீங்க சொன்னது சரி, மூடிட்டுப் போங்க."

"அது எங்க திட்டத்துல இல்லம்மா."

"உங்க திட்டத்துல சுண்ணாம்பே இல்லையே."

ஒச்சம்மாள் சிரித்தார். ராவ் சிரிக்கவில்லை. ஆனால் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெகுநேரம் தெலுங்கில் பேசினார். எனக்குத் தெலுங்கு தெரியாது. குரல் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். திரும்பி வந்து, கம்பெனியும் மேல்குழுவும் ஒப்புக்கொண்டால் ஒரு மாதம் தருவதாகச் சொன்னார்.

"ஏமாத்தமாட்டீங்களே?"

"ஏய்யா, மூணு எடத்துல ஒடஞ்சவ நானு. ஏமாத்துனா எனக்குத்தான ஒடையும்?" என்றார் ஒச்சம்மாள்.

மே 15

ஒப்புக்கொண்டார்கள். சோம்பு மெல்கிறேன். உலகம் வைக்கோல் மாதிரி இருக்கிறது.

மே 18

ஒச்சம்மாள் போன். "வெறும் வெத்தலையத் திங்க நான் என்ன ஆடா டீச்சரு?"

மே 21

குமணனுடன் சண்டை. காலி செய்கிற பேச்சை நானே கீழ்வீட்டில் ரத்து செய்தது அவனுக்கு எட்டிவிட்டது. "வாக்குக் குடுத்தீங்க" என்றான். "மருந்து பலிக்கலைன்னாதான் வாக்கு. அது இன்னும் தெரியல" என்றேன். போனை வைத்த பிறகு பெட்டியைத் திறந்தேன். திறந்தது நிஜம். கொல்லைப் பக்கம் நின்று மொத்தத்தையும் தென்னை மூட்டில் கொட்டினேன். அதற்காவது எலும்பு வலுக்கட்டும்.

ஜூன் 18

இருபது பேரும் வந்தோம். பழையபடி காலையில் ஊசி, மாலைவரை ரத்தம். மதியம் சாப்பிட்டதும் எல்லாருடைய கையும் மடியில் சும்மா கிடந்தது. கூட்டுகிற அம்மா வந்து தூணைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "யாராச்சும் செத்துப் போயிட்டாங்களா?" என்றார்.

ஜூன் 25

முடிவு வந்துவிட்டது. ஒச்சம்மாளுக்கு இறங்கிவிட்டது. அநேகம் பேருக்கு இறங்கிவிட்டது. இங்கே மூடவில்லை, எங்கேயும் நிறுத்தவில்லை. இனி எல்லா ஊரிலும் வெற்றிலை உண்டா என்று கேட்கப் போகிறார்களாம்.

எனக்கு இறங்கவில்லை. கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. காலையில் ஊசி போட்டால் மத்தியானம் ஏறி நிற்கிறது.

டாக்டர் என்னைத் தனியாக உட்கார வைத்தார். "டீச்சர், ஒளிச்சுப் போடலையே?"

"தென்னை மரத்தைக் கேளுங்க."

அவர் நம்பினார். எனக்கு இனி ஊசி தொடர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆகாது, சோதனையிலிருந்து விலக்கியே ஆக வேண்டும் என்றார். விலக்கினால் எனக்கு எந்த மருந்து என்று உறையைத் திறந்து பார்க்க அனுமதி உண்டாம். பார்த்தார்.

பழையது. இரண்டு பேரையும் எழுப்புகிற தட்டல்.

"அதனாலதான் உங்களுக்கு இறங்கல. ஒப்பிட்டுப் பார்க்க உங்களை மாதிரி சிலர் இருந்தாதான்..." உறையை மறுபடி மடித்தார்.

"புரியுது. கலங்காத தம்ளர் ஒண்ணு பக்கத்துல இருந்தாத்தானே கலங்கினது தெரியும்" என்றேன். சரியான உதாரணம். நானே சொன்னேன்.

பேருந்தில் வரும்போது கண்ணில் தூசி. விளாங்குடி வரை தூசி.

ஜூன் 26

அரிசி களைந்தேன். குமணன் இரண்டு முறை அழைத்தான். எடுக்கவில்லை.

ஜூலை 2

விலகுகிறவர்களுக்குக் கடைசியாக எலும்புப் படம் எடுக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். மேசையில் படுத்தேன். மேலே இயந்திரம் ஊர்ந்தது. டாக்டர் இந்தப் படத்தையும் ஜனவரிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார்.

"டீச்சர், கூடியிருக்கு. முதுகுல நல்லாவே கூடியிருக்கு."

பழைய தட்டல்தான். ஆனால் அதுவும் கொத்தனாரை எழுப்பித்தான் இருந்தது. கூடவே அந்த இன்னொருவனும் வந்து தொலைத்தான், அவ்வளவுதான். கால்சியம் மாத்திரையை நிறுத்தி, கொஞ்ச நாள் ஓய்வு விட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி போட்டுப் பார்க்கலாம், ரத்தத்தை அடிக்கடி நானே கவனிக்கிறேன் என்றார். புதியது கடைக்கு வருகிற அன்று முதல் பேனா எனக்குத்தானாம்.

"அதுவரைக்கும் உடையாம இருங்க."

"நீங்க சீக்கிரம் வேலையை முடிங்க" என்றேன்.

ஜூலை 5

குமணன் காரோடு வந்துவிட்டான். மாடியேறி மூச்சு வாங்கினான். அவனுக்கு வயது நாற்பது.

"மருந்தை நிறுத்திட்டாங்க. வாக்கு ஞாபகம் இருக்குல்லம்மா?"

"நீ என்ன கேட்டே?"

"மருந்து பலிக்கலைன்னா வரணும்னு."

படத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். ஜனவரி ஒன்று, ஜூலை ஒன்று. அவன் பொறியாளர், கோடு ஏறினால் அவனுக்குத் தெரியும். பார்த்தான். திருப்பிப் பார்த்தான்.

"சோதனையிலேருந்துதான் என்னை எடுத்தாங்க. மருந்து பலிச்சிருக்கு. வாக்கை நான் மீறல குமணா. நீ கேட்ட கேள்விக்கு வேற பதில் இல்ல."

"அம்மா, நீங்க பேப்பர் திருத்துற மாதிரியே பேசுறீங்க."

"அரை மார்க் கூடப் போட மாட்டேன். சாப்பிடு."

சாப்பிட்டான். கோபத்தில் இரண்டு முறை சாதம் வாங்கிச் சாப்பிட்டான். அவன் கைகழுவப் போனபோது முழுக் குடத்தையும் நான் தூக்கி மேடையில் வைத்தேன். அவன் திரும்பிப் பார்க்கட்டும் என்றுதான் அந்த நேரத்தில் வைத்தேன். பார்த்தான். இறங்கும்போது, "படியில கைப்பிடியாவது போட்டுத் தர்றேன்" என்றான். அது சரி என்றேன்.

ஜூலை 6

ஒச்சம்மாள் கம்பு இல்லாமல் முக்கு வரை போனாராம். முக்குக் கடையில் வெற்றிலை விற்கிறார்கள். பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாராம். "பாத்துட்டு மட்டுந்தேன் வந்தேன்" என்று மூன்று தடவை சொன்னார்.

அந்த ஓட்டைப் பல் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. அவள் கேள்விக்குப் பதில்: நல்லதை மட்டும் நடக்க வைக்க முடியும், தட்டுகிற விதத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்தான் வாயில் சுண்ணாம்பு வைத்திருந்தோம்.

இதைப் படிக்கிற உங்களுக்கு வீட்டுப்பாடம் ஒன்று: நாளை காலையிலிருந்து படுக்கும்வரை வாயில் போடுகிற ஒவ்வொன்றையும், "இதெல்லாம் ஒரு சாப்பாடா" என்று தோன்றுவதையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதுங்கள், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, அவர் கேட்குமுன் அதைக் கொடுங்கள்.